வயலை விற்று வாங்கும் வைத்தியப் பட்டம்

கப்பல்துறைக்குப் பெயரில் மட்டுமே கப்பல் உண்டு. உலகம் போற்றும் இயற்கைத் துறைமுகம் ஒன்றின் ஓரத்தில் இருந்தும், அங்கே வந்து நங்கூரமிடும் கப்பல்களால் யாதொரு பயனும் காணாது, மாரி மழையையும் குளத்து நீரையும் நம்பி வாழும் குடிகள் அங்கு பலர். சென்ற மாதம் அவ்வூரவர் ஒருவர் எமது சட்ட அலுவலகத்துக்கு வந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேலிருக்கும். கையில் மூன்று பத்திரங்கள். ஒன்று, தம்பலகாமப் பற்றிலுள்ள மூன்று ஏக்கர் வயலின் உறுதி. மற்றொன்று, அவருடைய இளைய மகளின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு. மூன்றாவது, பளபளக்கும் தாளில் வெள்ளை மாளிகை போன்ற கட்டடமொன்றின் படத்தை அச்சிட்ட கையேடு. தூரதேசத்து மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் அதில் இருந்தது.

அவர் கேட்டு வந்தது ஆலோசனையன்று, அறுதி உறுதி. வாங்குபவர் பணத்தோடு காத்திருக்கிறார், மாத முடிவுக்குள் முதற் தவணையைக் கல்வி முகவரிடம் கட்டாவிட்டால் இடம் கைதவறிப் போகும், ஆகவே இன்றைக்கே எழுதித் தரவேண்டும் என்றார். "அவளுக்குச் சீதனமாய்க் குடுக்க வைச்சிருந்த காணி ஐயா. சீதனத்தைப் படிப்பாய்க் குடுக்கிறன், அவ்வளவுதான்" என்றார். மகள் மருத்துவ பீடத்துக்குரிய வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டவள். இசட் புள்ளி என்னும் அந்தத் தசமக் கணக்கில் இரண்டாம் இலக்கத்திலோ மூன்றாம் இலக்கத்திலோ ஒரு பிள்ளையின் வாழ்வு திசைமாறுவதை நம் வாசகர்கள் தத்தம் வீடுகளிலேயே கண்டிருப்பர்.

நாம் அவரிடம் சிலவற்றைக் கேட்டோம். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொண்டிருக்கிறதா? பட்டம் பெற்றுத் திரும்பிய பின் இங்கே எழுதவேண்டிய பரீட்சை எது? ஆறாண்டுக்கும் சேர்த்து ஆகும் பணம் எவ்வளவு? நடுவழியில் பணம் முடிந்தால் என்ன ஏற்பாடு? நான்குக்கும் அவரிடம் விடையில்லை. "முகவர் எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்பதே பதிலாயிற்று.

அவரை அறியாதவர் என்று எவரும் எண்ணவேண்டாம். நெல்மணியைப் பல்லிற் கடித்தே ஈரப்பதம் சொல்லக்கூடியவர் அவர். கந்தளாய்க் குளத்து நீர் எந்த வாய்க்காலில் என்று திறக்கப்படும், எவர் வயலில் அது தடைபடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு சோடி மாடு வாங்குவதற்கு நாலு ஊர் விசாரிக்கும் மனிதர், குடும்பத்தின் முழுமுதலையும் கொடுத்து வாங்கும் ஒரு பொருளைப் பற்றி எதுவும் விசாரிக்காது வந்து நிற்கிறாரென்றால், விசாரிப்பதற்கு அவருக்கு இடமில்லை என்பதே பொருள். அவ்விடத்தை உண்டாக்கித் தராத குற்றம் அரசையும் சாரும். தமிழ் மக்களின் பொதுப்பணியை மேற்கொண்டிருக்கும் எம்போன்றோரையும் சாரும்.

மருத்துவங் கற்க வெளிநாடு செல்வது நம்மவர்க்குப் புதிதன்று, இழிவுமன்று. கொழும்பில் 1870இல் மருத்துவப் பள்ளி திறக்கப்படுமுன் இலங்கையின் மாணவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அதற்கும் முன்னரே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தி, 1873இல் தாயகம் திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். அவர்களிற் பலருக்கு அவர் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார் என்பதும், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி அச்சேற்றினார் என்பதும் நாம் அடிக்கடி பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்திகள். பெருமை பேசினோமேயன்றி அந்தப் பணியைத் தொடர்ந்தோமா என்பது வேறு கேள்வி. பின்னர் 1960இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு அடுத்த ஆண்டு லுமும்பாவின் பெயரைப் பெற்றபோது, ஆசிய ஆபிரிக்க நாடுகளின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது. அக்கதவால் நுழைந்து வைத்தியராய்த் திரும்பிய இலங்கையர் உளர். அவர்கள் வயலை விற்றுச் சென்றவரல்லர். புலமைப்பரிசில் பெற்றுச் சென்றவர்கள். இன்றைய பிள்ளைக்கும் அன்றைய பிள்ளைக்குமுள்ள பெரும் வேறுபாடு அதுவே.

இடையில் நிகழ்ந்ததை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. 1971ஆம் ஆண்டுச் சேர்க்கையில், மருத்துவ பீடம் புகுவதற்குச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 400க்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவனுக்கு 250 வேண்டுமென்று விதிக்கப்பட்டது. ஒரே வினாத்தாளுக்கு இரண்டு தராசு. அதன்பின் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அந்த அநீதி ஒரு தலைமுறையின் நெஞ்சில் மூட்டிய நெருப்பு எங்கெங்கு பரவிற்று என்பதை நாம் இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவருட் சிலர் இதை விரும்பமாட்டார். மாவட்ட அடிப்படை யாழ்ப்பாணத்தை வாட்டியது. ஆனால் திருகோணமலையை வாட்டவில்லை. இன்று நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டக் குடித்தொகைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் எமது மாவட்டமும் ஒன்று. மூதூரிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் ஆய்வுகூடமற்ற பாடசாலையிற் படித்த பிள்ளை கொழும்புப் பிள்ளையோடு வெறும் புள்ளிக்குப் புள்ளி மோதுவதுதான் நீதி என்று எம்மாற் சொல்ல முடியாது. ஆயினும் ஒதுக்கீட்டினால் வந்த சில இடங்களோடு மாவட்டத்தின் கடன் தீர்ந்ததென்று அரசு கையைத் துடைத்துக்கொண்டுவிட்டது. ஆய்வுகூடம் இன்னும் வரவில்லை. பௌதிகவியல் ஆசிரியர் ஈராண்டில் இடமாற்றம் பெற்றுப் போகிறார். வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிடும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பெருகுகிறார்கள். அவர்களைத் தேடி முகவர் வருகிறார்.

இனி, அந்தப் பிள்ளை செல்லவேண்டிய வழி எத்தகையது என்பதைச் சற்று விளக்கமாகவே எழுத விரும்புகிறோம். கையேட்டில் இது இராது.

இலங்கையில் வைத்தியத் தொழில் செய்வதற்கான உரிமையைத் தருவது பல்கலைக்கழகப் பட்டமன்று, பதிவு. அது 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் ஆளப்படுவது. வெளிநாட்டிற் கற்றவர், இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்த நிறுவனமொன்றின் பட்டம் பெற்றிருந்தாலன்றிப் பதிவுப் பரீட்சைக்கு அமரவே முடியாது. முன்னாளில் 'ஆக்ட் 16' என்றும் இந்நாளில் 'ஈ.ஆர்.பி.எம்.' என்றும் மாணவர் வாயில் வழங்குவது அந்தப் பரீட்சையே. அதில் எழுத்துத் தாள்களும் உண்டு. நோயாளியின் முன் நிறுத்திச் சோதிப்பதும் உண்டு. முதல் தடவையிலேயே எல்லாரும் தேறிவிடுவதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளை இதிலேயே கழித்தவர்களை நாம் அறிவோம். தேறிய பின் உள்ளகப் பயிற்சிக்குரிய நியமனத்துக்குக் காத்திருத்தல் வேண்டும். அதன்பின் ஓராண்டுப் பயிற்சி. அதன்பின்னரே முழுப் பதிவு. ஆறாண்டு என்று கையேடு சொல்வதை ஒன்பதாண்டு, பத்தாண்டு என்று தந்தை மனத்திற் கொள்வதே தகும்.

புறப்படுமுன்னும் ஒரு வாயில் உண்டு. உயர்தரப் பரீட்சையில் உயிரியல், இரசாயனவியல் முதலிய பாடங்களிற் குறித்த தரத்துக்குக் குறையாத சித்தி பெற்றிருக்க வேண்டுமென்ற விதியை இங்குள்ள அதிகாரிகள் வகுத்துள்ளனர். அங்குள்ள பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது என்பதனால் இங்குள்ள சபை ஏற்றுக்கொள்ளும் என்பது விதியாகாது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலும் காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே "போன வருடம் போன பிள்ளைக்குச் சரிவந்தது" என்ற பேச்சு சட்டத்தின் முன் செல்லாக் காசு.

பதிவு என்பது எத்துணைக் கடுமையான வழக்காக மாறக்கூடும் என்பதற்கு வெளிநாடு செல்லாத மாணவரின் கதையே சான்று. மாலபேயிலிருந்த 'சைட்டம்' என்னும் தனியார் நிறுவனத்திற்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தை அரசே அளித்திருந்தும், அதன் பட்டதாரியைப் பதிவு செய்ய மருத்துவ சபை மறுத்தது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவி பக்கம் தீர்ப்பளித்தது. 2018 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அதற்கிடையே நிறுவனமே மூடப்படும் நிலை வந்து, மாணவர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டனர். தனியார் மருத்துவக் கல்வி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நாம் இங்கே புகவில்லை. கொழும்பில் வசதியுள்ள பெற்றோர், பெயர்பெற்ற வழக்குரைஞரை அமர்த்தி, உயர் நீதிமன்றம்வரை சென்று பெற்ற பரிகாரத்தைக் கப்பல்துறை உழவர் எந்தக் காணியை விற்றுப் பெறுவார் என்பதே எமது கேள்வி. அவர்தான் முதல் தவணைக்கே காணியை விற்றுவிட்டாரே!

மொழியைப் பற்றி முகவர்கள் வாய் திறப்பதில்லை. அந்தப் பெண் பதின்மூன்றாம் ஆண்டுவரை உயிரியலைத் தமிழிற் கற்றவள். சோணையறை, இதயவறை, சிறுநீரகத்தி என்று படம் வரைந்து பெயர் குறித்தவள். அவற்றை முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றவேண்டும். 'ஆங்கில மொழிமூலம்' என்று கையேடு கூறும், கூறுவது விரிவுரைக்கு. மூன்றாம், நான்காம் ஆண்டில் வைத்தியசாலைக்குள் நுழைந்தால் அங்கே கட்டிலிற் கிடக்கும் கிழவி ஆங்கிலத்திலா தன் வலியைச் சொல்லப் போகிறாள்? ரஷ்யாவில் ரஷ்ய மொழியும் சீனாவிற் சீன மொழியும் தெரியாத மாணவர் நோயாளியின் கட்டிலருகே ஊமையாய் நின்று திரும்புவர். நோயாளியிடம் கேட்டறியாமற் கற்ற மருத்துவம், திரும்பி வந்து பதிவுப் பரீட்சையில் நோயாளியின் முன் நிற்கும்போது வெளிப்பட்டுவிடும். அந்தப் பரீட்சை மீண்டும் ஆங்கிலத்தில். தேறிய பின் நியமனம் சிங்கள மக்கள் வாழும் ஊரிற் கிடைத்தால் நான்காவது மொழி. இத்தனையையும் தாங்கி நிமிர்ந்து நிற்கும் பிள்ளைகள் நம்மிடை உளர் என்பதை வியப்போடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முன்கூட்டி அறிந்து, புறப்படுமுன் ஓராண்டு ஆங்கிலத்தையும் அந்நாட்டு மொழியையும் பயின்று சென்றவர்களே பெரும்பாலும் அங்ஙனம் நின்றார்கள். தந்தையின் பணத்தில் ஒரு சிறு பங்கை அந்த ஓராண்டுக்குச் செலவிடுவது நட்டமாகாது.

பணத்தைப் பற்றியும் நேராகப் பேசுவோம். ஆண்டுக்கு 5,000 டொலர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம், ஆறாண்டுக்கு 30,000. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தபோது அது 60 இலட்சம். அவ்வாண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே தொகை ஒரு கோடியே 8 இலட்சம். மகள் ஒரு பாடத்திலும் தவறவில்லை. தந்தை ஒரு நாளும் சோம்பியிருக்கவில்லை. இரண்டரை மாதத்தில் 48 இலட்சம் கூடிவிட்டது. இருக்கும் ரூபாவைக் கொடுத்தாலும் வங்கியில் டொலர் இல்லையென்று கைவிரித்த நாட்கள் அவை. பல பெற்றோர் அன்று இரண்டாவது காணியையும் விற்றனர்; இரண்டாவது காணி இல்லாதவர் பிள்ளையைத் திருப்பி அழைத்தனர்.

அதற்கு ஈராண்டு முன்னர் நிகழ்ந்ததையும் மறக்கலாகாது. கொள்ளை நோய் தோன்றிய வூஹானிலிருந்து 2020 பெப்ரவரி முதலாந் தேதி 33 இலங்கை மாணவரை விமானமூலம் அழைத்து வந்து தியத்தலாவையில் தனிமைப்படுத்தி வைத்தனர். சீனாவிற் கற்ற மாணவர்கள் பின்னர் ஈராண்டுக்கு மேல் திரும்பிச் செல்ல இயலாது, வீட்டுக் கூடத்தில் கைத்தொலைபேசித் திரையில் உடற்கூறு படித்தனர். 2022இல் உக்ரைனிற் போர் மூண்டபோது அங்கு கற்ற பல்லாயிரம் இந்திய மாணவர், பெரும்பாலும் மருத்துவ மாணவரே, நிலக்கீழ் அறைகளிலிருந்து எல்லை நோக்கி ஓடினர். அவர்களுட் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். மூன்றாண்டுக்குள் நோய், போர், நாணய வீழ்ச்சி ஆகிய மூன்றும் வந்து போயின. எதையும் எந்த முகவரும் முன்னறிந்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் அத்தகைய நாளுக்கென்று கையில் ஒரு தொகையை நிறுத்தி வை என்று சொல்லக் கூடவா முடியாது? சொன்னால் தவணை குறையும்.

இனி எமது தொழிலோடு ஒட்டிய செய்தி. உழவர் அன்பர்கள் இதைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி வேண்டும். ஆனால் எமது மாவட்டத்தில் வயல்களிற் பெரும்பகுதி உறுதிக் காணியன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட பேர்மிட் காணியும் அளிப்புக் காணியுமே. உரிய அரச அதிகாரியின் சம்மதமின்றி அதைக் கைமாற்றினால் அது சட்டத்தின்முன் வெறுமை. வெறுமையென்பதை வாங்குபவர் நன்கு அறிவார். அதனாற்றான் பத்துப் பெறுமதியான வயலை மூன்றுக்குக் கேட்கிறார். ஒரு வெள்ளைத் தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு வயலில் இறங்கிவிடுகிறார். முகவரின் தவணைத் தேதி நெருங்க நெருங்க விலை இறங்கிக்கொண்டே போகும். விற்றவருக்குப் பணம் முழுதும் கிடைப்பதுமில்லை, வயல் திரும்புவதுமில்லை, பிற்காலத்தில் அரச அதிகாரி அனுமதிப்பத்திரத்தையே நீக்கினால் கேட்பதற்கு நாவுமில்லை.

உறுதிக் காணியில் வேறொரு வலை உண்டு. "ஈடு வேண்டாம், அறுதியாகவே எழுதுவோம், மூன்று வருடத்துக்குள் முதலும் வட்டியும் தந்தால் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பர். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றல்ல. ஈடு எழுதினால் காணி உம்முடையது. கடன் கொடுத்தவர் அதை எடுக்க நீதிமன்றம் ஏறவேண்டும். நிபந்தனையோடு அறுதி எழுதினால் எழுதிய அன்றே காணி அவருடையது. குறித்த நாள் தவறினால் திருப்பிக் கேட்கும் உரிமையும் போயிற்று. ஆறாண்டுப் படிப்புக்கு மூன்றாண்டுத் தவணையில் காணி எழுதுவது எந்தக் கணக்கிலும் அடங்குமா? படிப்பு முடியாத பிள்ளை எவ்வாறு உழைத்துக் காணியை மீட்கும்? இத்தகைய உறுதியை எழுதித் தரும் எமது தொழிற் சகோதரர்களையும் கேட்கிறோம்: எழுதுமுன் இவ்வேறுபாட்டை அவருக்கு விளங்கும் தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டினீர்களா?

திருகோணமலை மாவட்டத்தில் தமிழ் உழவன் கையிலிருந்து ஓர் ஏக்கர் வயல் நழுவுவது அவன் வீட்டுக் கணக்கோடு முடிவதன்று. குளக்கட்டும் குடியேற்றமும் காணிக் கச்சேரியும் இம்மாவட்டத்தின் அரசியலை எவ்வாறு மாற்றியமைத்தன என்பதை எம் வாசகர்க்கு நாம் புதிதாய்ச் சொல்ல வேண்டுவதில்லை. மேடையில் நின்று நிலத்தைப் பற்றி முழங்குவோம். நிலம் கைமாறும் மேசையருகே ஒருவரும் இரோம். இது எம்மையே நோக்கிச் சொல்லிக்கொள்வது.

அப்படியாயின் அந்தப் பெண் படிக்க வேண்டாமா என்று கேட்பர். படிக்க வேண்டும். வழி திறக்க வேண்டும்.

வேலைக்காக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். வீட்டுப் பணிக்குப் போகும் பெண்ணுக்கு ஏட்டளவிலேனும் அந்தக் காவல் உண்டு. கல்விக்குப் போகும் பிள்ளைக்கும் அதே காவல் வேண்டும். கல்விக்கு ஆள் சேர்ப்பவரும் அனுமதிப்பத்திரம் பெறவும், வைப்புப் பணம் கட்டவும், பெற்ற பணத்துக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பற்றுச்சீட்டைக் காட்டவும் சட்டம் செய்யவேண்டும். எம் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள், எக்கட்சியினராயினும், இதில் ஒன்றுபடத் தடையென்ன? மருத்துவ சபையும் தன் விதிகளையும் பட்டியலையும் தமிழில், ஒரு பாடசாலை அதிபர் வாசித்து விளக்கக்கூடிய தமிழில் வெளியிடுதல் கடமை. பெறுபேறு வெளிவரும் வாரத்தில் அப்பட்டியல் ஒவ்வொரு உயர்தரப் பாடசாலையின் அறிவிப்புப் பலகையிலும் தொங்குமானால் பாதி ஏமாற்று அன்றே ஒழியும்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. பங்களாதேஷ் அரசு தன் அரச மருத்துவக் கல்லூரிகளில் சார்க் நாடுகளின் மாணவர்க்கு இடம் ஒதுக்கி வருகிறது. அதற்கான விண்ணப்பம் எப்போது கோரப்படும் என்பது எம் மாவட்டத்தில் எத்தனை பாடசாலைக்குத் தெரியும்? இந்திய அரசு வழங்கும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலில் மருத்துவம் அடங்காது என்பதையும், இந்திய மருத்துவக் கல்லூரியிற் சேர வெளிநாட்டு மாணவரும் 'நீட்' எழுதவேண்டும் என்பதையும் அறியாமல் சென்னைக்குப் போய் விடுதியில் தங்கிப் பணத்தைக் கரைத்துத் திரும்பியோரும் உளர். மாவட்டத்திலுள்ள சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஓய்வுபெற்ற அதிபர்களும் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மேசை போட்டு அமர்ந்தால் போதும். கோயில் அறங்காவலரும், கடல்கடந்து வாழும் எம் ஊர்ச் சங்கத்தாரும் திருவிழா உபயத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, குறைந்த வட்டிக்கோ வட்டியின்றியோ மாணவர் கடன் நிதி ஒன்றை நிறுவினால், காணி அறுதியாகாது ஈட்டோடேனும் நிற்கும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வைத்தியராயிருக்கும் திருகோணமலைப் பிள்ளைகள் இதற்கு முன்வரமாட்டார் என்று நாம் நம்பவில்லை. முறையாகக் கேட்டவர் இல்லை.

டாக்குத்தர் என்ற ஒரு சொல்லுக்கு நம்மவர் கொடுக்கும் விலை அளவுகடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கப்பல்துறையிலேயே ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. தாதியர் பட்டமும் மருத்துவ ஆய்வுகூடப் பட்டமும் உண்டு. அவற்றை நாடும் பிள்ளையை 'புள்ளி காணாதவள்' என்று அயலவர் இகழ்வது எம் சமூகத்தின் நோய். கலியாணச் சந்தையிற் கேட்கும் விலைக்காகப் பிள்ளையை அனுப்புவோருக்கு நாம் எதுவும் எழுதவில்லை. இந்தப் பெண்ணோ, தன் தாயார் பிரசவத்தின்போது மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வரப் பாதைக்காகக் காத்திருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுமுன் அப்பகுதியார் பட்ட பாடு அது. வைத்தியராக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு விளம்பரத்தால் வந்ததன்று.

அத்தகையவர்கள் எமக்கு வேண்டும். "நாரிக்குள் பிடித்துக்கொண்டது" என்று கிழவர் சொன்னால் எந்த இடத்தைச் சொல்கிறார் என்று மொழிபெயர்ப்பாளரின்றி விளங்கிக்கொள்ளும் வைத்தியர் எமது ஆஸ்பத்திரிகளில் எத்தனை பேர்? 2022க்குப் பின்னர் பல நூறு வைத்தியர் நாட்டை விட்டு வெளியேறிவிட்டனர். வெளியேறுவோருக்கு முதலில் வெறுமையாவது கொழும்பின் கட்டில் அன்று. எல்லைப்புற ஊரின் கட்டிலே. வயலும் போய், பிள்ளையும் திரும்பாவிட்டால் எமது மாவட்டத்துக்கு மிஞ்சுவது யாது? திரும்பி வருவேன் என்று பிணைப்பத்திரம் எழுதுவிக்கலாமென்பர் சிலர். பிணைப்பத்திரம் பணத்தைத்தான் திருப்பும், ஆளைத் திருப்பாது; நீதிமன்றில் நாம் கண்ட அளவில் பணத்தையும் எளிதில் திருப்புவதில்லை. நிதி கொடுத்த ஊர் பிள்ளையோடு தொடர்பு விடாதிருப்பதும், திரும்பும் நாளில் இருக்க ஒரு வீடும் வேலைசெய்ய ஒழுங்கான வைத்தியசாலையும் இருப்பதுமே ஆளைத் திருப்பும்.

தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையிலேயே அமையவேண்டுமென்று தமிழரசுக் கட்சி வற்புறுத்திய காலம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணமா திருகோணமலையா என்ற பிணக்கில் ஆண்டுகள் கழிந்தன. 1974இல் வளாகம் யாழ்ப்பாணத்தில் திறக்கப்பட்டது. 1978இல் அங்கு மருத்துவ பீடமும் வந்தது. பின்னாளில் மட்டக்களப்பிலும் மருத்துவ பீடம் எழுந்தது. இரண்டும் எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இத்துறைமுக நகரில் இன்றுவரை மேனாட்டு மருத்துவங் கற்பிக்கும் பீடம் இல்லை. பழைய பிணக்கைக் கிளறுவது எமது நோக்கமன்று. மாவட்ட வைத்தியசாலையைப் போதனா வைத்தியசாலையாக உயர்த்தி இங்கும் ஒரு பீடம் நிறுவவேண்டும் என்ற கோரிக்கையை மீண்டும் எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது என்கிறோம்.

கப்பல்துறை அன்பருக்கு அன்று நாம் உறுதி எழுதிக் கொடுக்கவில்லை. கோபத்தோடுதான் எழுந்து போனார். மறுவாரம் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். மருத்துவ சபையின் பட்டியலை அவளே கணினியிற் தேடி, ஒவ்வொரு பெயராக விரல்வைத்து வாசித்தாள். கையேட்டிலிருந்த நகரத்தின் பெயர் பட்டியலில் இருந்தது. ஆனால் நிறுவனத்தின் பெயர் வேறு. இரண்டும் ஒன்றுதானா, ஒரே நகரிலுள்ள இரண்டு நிறுவனங்களா என்பது பட்டியலில் இல்லை. அவள் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் உறுதியை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டார். விளக்கங் கேட்டுப் பதிவுத் தபாலிற் கடிதம் அனுப்பியிருக்கிறோம். இவ்விதழ் அச்சேறும்வரை பதில் வரவில்லை. முகவர் குறித்த தேதி கடந்துவிட்டது. இடம் போய்விடவில்லை, தேதிதான் இன்னொரு மாதம் தள்ளிப் போயிருக்கிறது. வாங்க வந்தவர் இரண்டு தடவை தொலைபேசியில் விசாரித்தார். அந்தப் பெண் வாரத்தில் மூன்று நாள் ஆங்கில வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். பெரும்போகத்துக்கு வாய்க்கால் துப்புரவு நடக்கிறது. மூன்று ஏக்கரையும் இவ்வாண்டும் தாமே விதைப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.